ஃபெரியில் ஏறிய ஆப்பிரிக்கா

பிள்ளைகளே, உங்கள் அம்மா ஃபெரியில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேலைக்குப் போனதற்குக் காரணம் ஆப்பிரிக்காதான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன், எழுத்து ஆடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் படிப்பு ஒன்பதாவதோடு நின்றது. தமிழ் எழுத்து மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பாடத்தில் கற்றது. இங்கிலீஷ், குமாஸ்தாவாக இருந்த என் அப்பா விட்டுப்போன அகராதியில் கற்றது. இங்கே பர்மாவில், அலோன் துறைமுகக் கிடங்கில் மூட்டை எண்ணும் வேலைக்கு அது போதும். யாருடைய பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. தங்களைப் பற்றி எழுதினால் உதைப்போம் என்று அம்மாவின் சிநேகிதிகள் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கதையில் வரும் ஆப்பிரிக்கப் பெயர்களையும் விட்டுவிடுகிறேன். அவற்றை உச்சரிக்கிறேன் என்று நான் செய்த அநியாயம் போதும்.

சின்னவனுக்கு ஞாபகம் இருக்காது என்பதால் சொல்கிறேன். ஃபெரி என்றால் இங்கே கப்பல் இல்லை. ஆட்களைக் கூட்டிப்போகும் தொழிற்சாலை பஸ். காலை ஆறு மணிக்கு அலோன் சந்தை முனையில் நிற்கும். பாலம் தாண்டி, தொழிற்சாலைகள் இருக்கும் லைங் தாயா போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதில் இருக்கைகள் எல்லாம் பழைய ஆட்களுடையவை. யாரும் பெயர் எழுதி வைக்கவில்லை, ஆனால் கோயில் பெஞ்சு மாதிரி, யார் எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். முதலில் டிபன் கேரியர் ஏறி உட்காரும், பிறகுதான் ஆள். புதிதாகச் சேர்ந்தவள் கம்பியைப் பிடித்து நிற்க வேண்டும். யாராவது வேலையை விட்டால்தான் இடம்.

உங்கள் அம்மா புதிது. அதிலும் இஸ்திரிப் பிரிவு. தையல் பிரிவில் உட்கார்ந்து வேலை, இஸ்திரியில் நாள் முழுக்க நின்று வேலை. போகும்போது நிற்பது, அங்கே நிற்பது, வரும்போது நிற்பது. வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு காலையும் தண்ணீர் பேசினில் விடுவாள். கணுக்கால் வீங்கி, செருப்பு வார் அச்சு அப்படியே பதிந்திருக்கும்.

"அந்த ஃபெரியில ஒரு இடம் கிடைச்சாப் போதுங்க," என்பாள். "இந்த உலகத்துல எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அது எனக்கு வாங்கித் தரக்கூடிய பொருளாக இல்லை.

இப்போது புத்தகக் கடைக்கு வருவோம். சந்தைக்குப் பின்னால் வாடகைக்குப் புத்தகம் விடும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரரை எல்லோரும் ஊலே என்போம், மாமா என்கிற மாதிரி. கையில் கிடைக்கும் எந்தப் புத்தகத்தையும் அவர் முதலில் வதைப்பார். அட்டையைக் கிழிப்பார், ஓரத்தைக் கத்தியால் சீவுவார், துளை போட்டு நைலான் கயிற்றால் தைப்பார், தடித்த அட்டை வைத்துப் பழைய காலண்டர் தாளைச் சுற்றுவார். தடிப் புத்தகமாக இருந்தால் நடுவில் இரண்டாக வெட்டிவிடுவார். ஒரே நேரத்தில் இரண்டு பேர் படிக்கலாம் அல்லவா? முதுகில் கறுப்பு மையால் எழுதுவார்: முன், பின்.

ஒருநாள் "ஆப்பிரிக்கா – முன்" என்று ஒன்று கண்ணில் பட்டது. கப்பலில் வேலை பார்க்கும் ஒருவர் ஊருக்கு வந்தபோது ஒரு பெட்டி இங்கிலீஷ் புத்தகம் கொடுத்துவிட்டுப் போனாராம். ஆப்பிரிக்கா என்றதும் சிங்கம் வரும், பாலைவனம் வரும், மத்தளம் கொட்டுவார்கள், பிள்ளைகளுக்குச் சொல்லலாம் என்று எடுத்து வந்தேன்.

முதல் பக்கத்தில் கரண்ட் போனது.

லாகோஸ் என்கிற பெரிய நகரம். முடி பின்னிவிடும் கடை. ஒரு அம்மாளுக்குப் பாதித் தலை பின்னியாகிவிட்டது, மீதித் தலை குடைமாதிரி விரிந்து நிற்கிறது, இருட்டு. ஜெனரேட்டர் கயிற்றை இழுக்கிறார்கள், கிளம்பவில்லை. அந்த அம்மாள் அன்றைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும். நான் புத்தகத்தை மூடி முதுகைத் திருப்பிப் பார்த்தேன். ஆப்பிரிக்கா என்றுதான் போட்டிருந்தது. அந்த நேரம் பார்த்து நம் வீட்டிலும் கரண்ட் போனது. பக்கத்து வீட்டுக்காரர் ஜெனரேட்டர் கயிற்றை இழுக்கிற சத்தம் கேட்டது. நான் சிரித்த சிரிப்பில் அம்மா பேசினிலிருந்து காலை எடுத்துவிட்டாள்.

"என்னங்க ஆச்சு?"

"புள்ள, நம்ம தெருவை யாரோ ஆப்பிரிக்காவுல எழுதிட்டாங்க!"

அன்று மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பத்துப் பக்கம் சொன்னேன். பாதி தமிழ், பாதி பர்மா பாஷை, தெரியாத இடத்தில் கை ஜாடை. முடி பின்னும் பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது. அப்பா சுங்க ஆபீஸில் குமாஸ்தா. வெளிநாட்டில் இருக்கும் ஒரு பையன் ஞாயிறுதோறும் போனில் கூப்பிடுகிறான். அவளுக்குச் சொந்தமாக ஒரு கடை வைக்க ஆசை. சிங்கம் வரவே இல்லை. அதற்குப் பதிலாக ஒரு பஸ் கண்டக்டர் வந்தான். அவன் படியில் தொங்கிக்கொண்டு கத்துகிற கத்தலை நான் நம் நாற்பத்து மூன்றாம் நம்பர் கண்டக்டர் குரலிலேயே கத்திக் காட்டினேன். நீங்கள் எல்லோரும் எழுந்து வந்துவிட்டீர்கள்.

மறுநாள் ஃபெரியில் அம்மா, பக்கத்தில் நின்றவளிடம் இதைச் சொல்லியிருக்கிறாள். எதிரில் உட்கார்ந்திருந்தது அமாஜி. பெரியக்கா என்று அர்த்தம். தையல் பிரிவில் ஒரு வரிசைக்கே தலைவி, ஃபெரிக்கும் அவள்தான் ராணி. டிரைவரே அவளைக் கேட்டுத்தான் கதவைச் சாத்துவான்.

"சத்தமாச் சொல்லு, ஞீமா," என்றாளாம் அமாஜி. தங்கச்சி என்று கூப்பிடுவது அப்படி. "பாதித் தலையோட அந்த அம்மா கல்யாணத்துக்குப் போனாளா, இல்லையா?"

"போனா. மேல துணி கட்டிக்கிட்டுப் போனா."

ஃபெரி முழுக்கச் சிரிப்பு. இரண்டாம் நாள் பின் வரிசை கேட்கவில்லை என்று கத்தியது. மூன்றாம் நாள் அமாஜி நகர்ந்து உட்கார்ந்து, ஜன்னலோரத்தைத் தட்டிக் காட்டினாள்.

"இங்க உட்காரு. நின்னுக்கிட்டுச் சொன்னா உன் குரல் கூரைக்குப் போகுது."

அன்று சாயங்காலம் அம்மா வீட்டுக்குள் நுழைந்ததே ஆட்டம்தான். "உட்கார்ந்துக்கிட்டுப் போனேங்க! பாலத்தைப் பார்த்தேங்க! ஆத்துல படகு போச்சு!" மூன்று மாதமாகத் தினம் இரண்டு தரம் அந்தப் பாலத்தைக் கடந்தவள், அன்றுதான் ஆற்றைப் பார்த்திருக்கிறாள். அதுவரை முன்னால் நிற்பவளின் முதுகைத்தான் பார்த்திருக்கிறாள்.

பிறகு எனக்குத்தான் வேலை. தினம் பத்துப் பக்கம். மூட்டை எண்ணிவிட்டு வந்து, அகராதியைப் பிரித்து, வார்த்தை வார்த்தையாகத் தோண்டுவேன். நான் சொல்வேன், அம்மா மறுநாள் ஃபெரியில் சொல்வாள், அங்கே நடந்ததைச் சாயங்காலம் வந்து எனக்குச் சொல்வாள். எது கதை, எது ஃபெரி என்றே தெரியாது.

"அந்த வெளிநாட்டுப் பையனை நம்பாதேன்னு அவகிட்டச் சொல்லணுமாம், பின் வரிசை சொல்லுது."

"புத்தகத்துக்குள்ள இருக்கிறவகிட்ட நான் எப்படிச் சொல்றது?"

"அதெல்லாம் தெரியாது. சொல்லச் சொன்னாங்க."

அமாஜிக்கு ஒரே கேள்விதான். தினம் காலை, கதவு சாத்தியதும் கேட்பாள்: "கடை திறந்தாளா?" ஒரு நாள் அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னாள், அமாஜிக்கும் ஷ்வேப்யிதாவில் அக்கா வீட்டு முன்னறையில் சின்னத் தையல் கடை வைக்க ரொம்ப நாளாக எண்ணமாம். யாரிடமும் சொன்னதில்லையாம்.

எல்லா ஃபெரியிலும் ஒரு சந்தேகக்காரி உண்டு. அவள் ஒரு நாள் கேட்டாள்: "இதெல்லாம் நிஜமாப் புத்தகத்துல இருக்கா, இல்லை உன் புருஷன் அவிழ்த்து விடுறானா?"

உங்கள் அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அவருக்குப் பொய் சொல்ல வராது. புத்தகத்துல இல்லாத ஒரு வரி சொல்லியிருந்தா, நான் இந்த இடத்தை விட்டு எழுந்துக்கிறேன்!"

இதை என்னிடம் பெருமையாகச் சொன்னாள். எனக்கு ஒரு மாதிரி வியர்த்தது. ஆனாலும் அப்போது என்னிடம் குற்றமில்லை.

முன் பாதி முடிந்தது. முடியும் இடத்தில் அந்தப் பெண்ணின் அப்பா செத்துப்போனார். ஊரே கூடிப் பாட்டும் விருந்துமாக அடக்கம் செய்தார்கள். பிறகு அவள் காலிக் கடை ஒன்றின் வாசலில் நிற்கிறாள். ஒரு கையில் கடைச் சாவி, மறு கையில் வெளிநாட்டு விமான டிக்கெட். அங்கேதான் ஊலேயின் கத்தி விழுந்திருந்தது. ஓடிப்போய் "ஆப்பிரிக்கா – பின்" எடுத்து வந்தேன்.

திறந்தால், ஒரு பெண் ரேடியோ ஸ்டேஷனில் காலைச் செய்தி வாசிக்கிறாள். ஊர் நைரோபி. அவள் பெயரும் வேறு.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் நின்றிருப்பான். நான் நிற்கவில்லை. ஏன் என்று கேளுங்கள். நம் ஊரில் பெயர் மாற்றுவது ஒரு காரியமா? பேப்பரைப் பிரித்தால் தினம் அறிவிப்பு இருக்கும், இன்று முதல் என்னை இன்ன பெயரால் அழைக்கவும் என்று. நேரம் சரியில்லை என்றால் மாற்றுவார்கள், சும்மாவும் மாற்றுவார்கள். நம் வீட்டையே பாருங்கள். உங்களுக்குக் கோயிலில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பர்மா பெயர். அம்மாவுக்கு அவள் அப்பா வைத்தது ஒன்று, அவள் அம்மா வைத்தது ஒன்று, ஃபெரியில் ஞீமா. ஆகவே எனக்கு அது உறுத்தவே இல்லை. விமானம் ஏறாமல் வேறு ஊருக்குப் போய்ப் பெயரை மாற்றிக்கொண்டாள், நல்லது என்று நினைத்தேன்.

ஃபெரிக்கும் உறுத்தவில்லை. "அந்தப் பையன் தேடி வரக் கூடாதுன்னு மாத்திக்கிட்டா. கெட்டிக்காரி," என்று பின் வரிசை ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னது. நைரோபி தலைநகரம் என்று கதையில் வந்தது. முன் பாதியில் தலைநகரம் வேறாக இருந்ததே என்று ஒருத்தி கேட்டாளாம். "நம்ம தலைநகரம் மட்டும் இருந்த இடத்துலயா இருக்கு?" என்றாளாம் அமாஜி. நம் நாட்டிலும் தலைநகரத்தை ஒரு நாள் சட்டென்று வேறு ஊருக்கு மாற்றியவர்கள்தானே, அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மூன்றாம் நாள்தான் சிக்கல். ரேடியோப் பெண்ணின் அப்பா மேசையில் உட்கார்ந்து மீன் சாப்பிட்டார்.

அம்மா பேசினுக்குள் காலை உதறினாள். "செத்தவரு எப்படிங்க மீன் சாப்பிடுறாரு? நான் ஃபெரியில அடக்கமே பண்ணிட்டேன். ரெண்டு பேரு அழுதாங்க!"

பெரியவளே, உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மூலையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாய். "அப்பா, இது வேற கதை மாதிரி இருக்கே?"

"நீ பாடத்தை எழுது," என்றேன். இன்றைக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அம்மாவுக்கு விளக்கம் சொன்னேன்: அது பெத்த அப்பா இல்லை, அப்பாவின் தம்பி. நாம் சித்தப்பா, பெரியப்பா என்று சொல்கிற மாதிரி அவர்களும் எல்லோரையும் அப்பா என்றே கூப்பிடுவார்கள். அம்மாவுக்கு நிம்மதி. "சித்தப்பான்னு சொன்னா முடிஞ்சு போச்சு," என்றாள்.

அதற்குப் பிறகு எனக்கு விளக்கம் சொல்வது வெறியாகவே ஆகிவிட்டது. முதல் பாதியில் தண்ணீரைக் கண்டால் பயந்தவள் பின் பாதியில் ஏரியில் நீந்துகிறாள். கற்றுக்கொண்டாள் என்றேன். முடிக் கடையைப் பற்றிப் பேச்சே இல்லை. மனசுக்குள் வைத்திருக்கிறாள் என்றேன். தங்கை இருந்த இடத்தில் இரண்டு தம்பிகள் முளைத்தார்கள். தங்கைக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, இவர்கள் சித்தப்பா பிள்ளைகள் என்றேன். அந்தச் சித்தப்பா எனக்கு எவ்வளவு உதவினார்! அமாஜி மட்டும் தினம் கேட்டாள்: "கடை திறந்தாளா?" அம்மா தினம் சொன்னாள்: "இன்னும் இல்லை, அமா."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வரும் வழியில் கடைக்குள் எட்டிப் பார்த்தேன். அலமாரியில் "ஆப்பிரிக்கா – பின்" இருந்தது. என் பின் வீட்டில் கட்டிலில் கிடக்கிறது. ஆக இது இன்னொரு பின். எடுத்துத் திறந்தேன். முதல் வரியிலேயே முடி பின்னும் பெண், அவளுடைய பழைய பெயரோடு நின்றாள்.

"ஊலே! எத்தனை ஆப்பிரிக்கா இருக்கு?"

"ரெண்டு," என்றார் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு. "ரெண்டு முன், ரெண்டு பின். மத்த ரெண்டையும் ஒரு டியூஷன் டீச்சர் கொண்டுபோய் இன்னைக்குத்தான் கொடுத்தாங்க. அவங்களும் கதை ஒரு மாதிரி இருக்குன்னாங்க."

கிழித்த அட்டைகளை அவர் எறிவதில்லை, பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். தேடி எடுத்துக் காட்டினார். இரண்டு அட்டை, இரண்டு போட்டோ. ஒருத்தி தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறாள். இன்னொருவன் கண்ணாடி போட்ட பையன், சட்டைக் காலர் மடங்கிக் கிடக்கிறது. இருவருக்கும் முப்பது வயதுகூட இருக்காது. இரண்டும் அவர்களுடைய முதல் புத்தகம் என்று போட்டிருந்தது. புத்தகம் எழுதியவர்கள் எல்லாம் செத்துப்போனவர்கள் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். பள்ளியில் அப்படித்தான், போட்டோவில் தாடி இருக்கும், கீழே இறந்த வருஷம் இருக்கும். இவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், என்னைவிடச் சின்னவர்கள், இந்த நிமிஷம் எங்கேயோ கரண்ட் இல்லாமல் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவு பயத்திலும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்ன, இரண்டு பேர் தலையையும் வெட்டி மாற்றி ஒட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"யாருக்கும் தெரியாது புள்ள," என்றேன். "நாளைக்கு அவ பழைய பேரை மறுபடி வச்சுக்கிட்டான்னு சொல்லிடலாம்."

"வேணாங்க," என்றாள். "எழுந்துக்கிறேன்னு சொல்லியிருக்கேன்."

திங்கட்கிழமை அவள் ஃபெரியில் ஏறி, தன் டிபன் கேரியரை இருக்கையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். யாரும் சிரிக்கவில்லையாம். சந்தேகக்காரிகூட ஜன்னலுக்கு வெளியே பார்த்தாளாம். ஆனால் பிள்ளைகளே, அன்று அந்த நெரிசலில், மூன்று பேர் இடத்தில் நான்கு பேர் இடித்துக்கொண்டு போன ஃபெரியில், ஜன்னலோரத்து இடத்தில் ஒருத்தியும் உட்காரவில்லை. போகும்போதும் காலி, வரும்போதும் காலி. அம்மா இறங்கும்போது அமாஜி ஒன்றே ஒன்று சொன்னாள்: "நாளைக்கு உன் புருஷனைக் கூட்டிட்டு வா. புத்தகத்தோட."

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குச் சந்தை முனையில் நின்றேன். நல்ல சட்டை போட்டுக்கொண்டேன். கோர்ட்டுக்குப் போகிறவன் மாதிரி இருக்கிறது என்று அம்மா சொன்னாள். ஏறினதும் கன்னத்தில் தனாக்கா மரப்பட்டை அரைத்துப் பூசிய நாற்பது முகமும் திரும்பின. கதவு சாத்திவிட்டது.

"உட்காரு, அக்கோ," என்று அமாஜி அந்தக் காலி இடத்தைக் காட்டினாள். அண்ணன் என்கிற மரியாதைதான், ஆனால் குரலில் மரியாதை இல்லை. உட்கார்ந்தேன். உங்கள் அம்மா என் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றாள்.

"மீன் சாப்பிட்டது யாரு?"

"ரேடியோப் பொண்ணோட சொந்த அப்பா."

"அப்ப சித்தப்பா?"

"சித்தப்பா... நான் பண்ணினது."

பின் வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தாள். "எனக்கு அந்தச் சித்தப்பாவைத்தான் ரொம்பப் பிடிச்சுது!" என்று இன்னொருத்தி அழுகிற குரலில் கத்தினாள். அதோடு உடைந்தது. ஃபெரி குலுங்கியது. "தங்கச்சிக்கு யாரு கல்யாணம் பண்ணி வச்சது, நீயா?" "மாப்பிள்ளை என்ன வேலை?" "ஏரியில நீந்தக் கத்துக் கொடுத்தது யாரு, அதையும் சொல்லு!" நான் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். துறைமுகத்தில் கப்பல் கேப்டன் முன்கூட நான் அப்படி நடுங்கியதில்லை.

அமாஜி கையைத் தூக்கினாள். அடங்கினார்கள்.

"அவ எழுந்திருச்சது சரியில்லை," என்றாள் உங்கள் அம்மாவைக் காட்டி. "அவ சொன்னதுல பொய் கிடையாது. நீ கொடுத்ததைச் சொன்னா. உனக்குத்தான் தண்டனை. ரெண்டு புத்தகத்தையும் ஒழுங்கா முடிக்கணும். இதோட பின், அதோட முன், எல்லாம். ஆனா நீ விளக்கம் சொல்லக் கூடாது. அவங்க எழுதினது புரியலேன்னா, புரியலேன்னு சொல்லு. நாங்க பார்த்துக்கிறோம்."

"சரி, அமா."

"இப்பப் படி. இங்கயே."

பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தோம். உண்மையான பின் பாதியைத் திறந்தேன். அகராதி வீட்டில் இருந்தது. வார்த்தை வார்த்தையாகப் பர்மாவில் சொன்னேன்: ஒரு ஏணி. ஏணி மேல் பெயின்ட் அடிக்கிறவன். கீழே அந்தப் பெண், ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறாள். விமான டிக்கெட் கையில் இல்லை. ஒரு வார்த்தை புரியவில்லை, புரியவில்லை என்று சொன்னேன். அடுத்த வரி: அவன் போர்டில் அவளுடைய பெயரை எழுதிக்கொண்டிருக்கிறான், முதல் எழுத்து கோணல், அவள் கீழேயிருந்து கத்துகிறாள்.

நாற்பது பேரும் கத்தினார்கள். டிபன் கேரியர்களைத் தட்டினார்கள். இத்தனை நாளும் தனக்கும் கதைக்கும் சம்பந்தமில்லாத மாதிரி ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர் பாலத்தின் நடுவில் நீளமாக ஹாரன் அடித்தான். அமாஜி மட்டும் கத்தவில்லை. ஜன்னல் வழியாக ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"எழுந்திரு, அக்கோ. அது உன் பெண்டாட்டி இடம்."

எழுந்தேன். உங்கள் அம்மா உட்கார்ந்து, டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்தாள். நான் லைங் தாயா வரைக்கும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே படித்தேன்.